புயலுக்குள் இருக்கும் என் கட்டைவிரல்

பாஸ்கர் பொய் சொல்கிறான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என்னோடு ஒரே அறையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தவன், ஒரே பொட்டலத்தைப் பிரித்து என்னோடு சாப்பிட்டவன், இப்போது கோட்டு போட்டுக்கொண்டு கேமரா முன்னால் பொய் சொல்கிறான். அதைப் பார்த்து ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை நான் யாரையும் பேர் சொல்லித் திட்டியதில்லை. தாம்பரத்தில் நான் நடத்திய கடை, அதற்கு வந்துபோனவர்கள், மழை, வெள்ளம் என்று எழுதிக்கொண்டு போனேன். "கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அந்தோணி சார்" என்று பத்திரிகை ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். குறைத்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த வாரம் முடியாது.

பெருங்களத்தூர் கடை

பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம். ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரில் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு குழந்தை, காதில் போன். பஸ் வந்தால் மொத்தக் கூட்டமும் ஓடும். அது வேறு ஊர் பஸ் என்று தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்பி வரும். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

எனக்குப் போக வேறு ஊர் இல்லை. பிறந்தது தாம்பரம். இப்போது குடியிருப்பது அதே பெருங்களத்தூரில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில், ஒற்றை அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, காலம் போய்விட்டது. பால் வாங்க வந்தவன் ரோட்டைத் தாண்ட முடியாமல் ஒரு மொபைல் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஏ.சி. இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி மேஜைமேல் கையில் பிடித்து ஆடுகிற கேம் பெட்டிகளை வரிசையாகச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். நடுவில் 'புயல்'. பாஸ்கரின் கம்பெனி விடுகிற பெட்டி. பள்ளிக்கரணையில் அவர்களுக்குக் கண்ணாடி பதித்த ஆபீஸ். அதுவரை நான் அதைக் கையால் தொட்டதில்லை, வேண்டுமென்றே.

விற்பனைக்கு நின்ற பெண் பக்கத்தில் வந்தாள். "இன்னா சார் பாக்குறீங்க? பேரனுக்கா?"

"பேரன் இல்லம்மா."

"புள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

"அது இன்னா தப்பு சார், பெரியவங்களும் வெளாட்றாங்க. எடுத்துப் பாருங்க, ஃப்ரீதான்."

எடுத்தேன்.

என் இடது கட்டைவிரல் போய் பிளஸ் பட்டன்மேல் உட்கார்ந்தது. மேலே, கீழே, இடது, வலது என்று நாலு பக்கமும் அழுத்துகிற பட்டன் அது. நான் விரலை வைக்கவில்லை. அதுவாகப் போய் உட்கார்ந்தது. இருட்டில் சொந்த வீட்டு ஸ்விட்சைத் தேடாமல் தட்டுவோமே, அந்த மாதிரி.

அந்தப் பெண் என் கையையே பார்த்தாள். "சார் ஏற்கெனவே ஒண்ணு வெச்சிகினு கீறீங்களா?"

"இல்லையே. ஏம்மா?"

"மொத தபா புடிக்கிறவங்க எல்லாரும் வெரல இங்க வெப்பாங்க, அங்க வெப்பாங்க, ஒரு மாரி முழிப்பாங்க. நீங்க எடுத்தவொடனே கரெக்டா வெச்சிட்டீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கே ஆவல சார். கொஞ்ச நேரம் வெளாண்டா இந்த வெரலடியில சுருக்குன்னு வலிக்கும். பழகிடும்னு சொல்லுங்கன்னு கம்பெனில சொல்லிக்கீறாங்க."

நான் பெட்டியை வைத்துவிட்டு என் கட்டைவிரலை அவளிடம் தூக்கிக் காட்டினேன். அவள் விரலைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள்.

"ஐயே! ஒங்க வெரலுக்குன்னே செஞ்சா மாரி கீதே சார்!" என்று சிரித்தாள்.

அவள் தமாஷாகச் சொன்னாள். நான் பால் வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

ஷட்டர்

இந்த விரலின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

வெகு காலத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் டி.வி. கேம் கடை வைத்திருந்தேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. ஒரு டி.வி., ஒரு பெட்டி, ஒயர் வைத்த இரண்டு ரிமோட். மணிக்கணக்கில் வாடகை. பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் வியர்வை நாற்றம் தாங்காது.

என் கடை இருந்த தெருவிலேயே இன்னும் இரண்டு கடைகள் இருந்தன. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தோம். ஒருவன் சீலிங் ஃபேன் போட்டால் இன்னொருவன் பெரிய டி.வி. கொண்டுவந்து வைப்பான். நான் பன்னீர் சோடா இலவசம் என்று போர்டு எழுதினேன். மறுநாளே எதிர்க்கடையில் சோடாவும் முறுக்கும் என்று போர்டு. சோடாக் கம்பெனிக்காரன் மட்டும்தான் அந்தத் தெருவில் பிழைத்தான்.

லீவு நாள் காலையில் யார் முதலில் ஷட்டரைத் தூக்குகிறானோ அவனுக்குத்தான் கூட்டம். என் ஷட்டரின் ஸ்பிரிங் உடைந்து போயிருந்தது. ஆள் கூப்பிட்டுச் சரி செய்ய வேண்டும் என்று தெரியும். எதிர்க்கடை ஷட்டர் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. நான் ஒற்றை ஆளாக என்னுடையதைத் தூக்கினேன். பாதி தூரம் வந்தது. பிறகு இறங்கிவிட்டது.

இடது கட்டைவிரல் நசுங்கியது. கட்டுப் போட்டவர் கையை ஆட்டாதே என்றார். நான் மறுநாளே கடை திறந்து ரிமோட் பிடித்தேன். திறக்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் என் வாடிக்கையை முழுசாக அள்ளிக்கொள்வான் என்று பயம். எலும்பு அதன் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டது.

இன்றைக்கும் அந்த விரலின் மேல் கணு மடங்காது. நுனி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நகத்தின் நடுவில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பிளவு, மண்ணில் குச்சியால் இழுத்த கோடு மாதிரி. வெட்ட வெட்ட அப்படியேதான் முளைக்கிறது.

கொஞ்ச காலத்தில் மூன்று கடையும் மூடிப்போயின. ஜனங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். நான் செல்போன் ரிப்பேருக்குப் போனேன். எங்கேயாவது பார்த்தால் இப்போது அவர்தான் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, "இன்னா நைனா, சோடா குடிக்கிறியா?" என்பார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. போட்டி போட்டார், தோற்றார், நானும் தோற்றேன். அவர் பொய் சொல்லவில்லை.

கீழ்க்கட்டளை மாடி

பாஸ்கர் என் டி.வி. கேம் கடைக்கு வந்துகொண்டிருந்தவன். குரோம்பேட்டைப் பக்கம் காலனி வீடு, அப்பா வாத்தியார், படிப்பு இன்ஜினியரிங். என்னைவிட நாலைந்து வயசு சின்னவன். ஆனாலும் எடுத்த எடுப்பில் மச்சான் என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

பல வருஷம் கழித்து என் ரிப்பேர்க் கடைக்கு வந்து நின்றான். வேலையை விட்டிருந்தான்.

"மச்சான், கையில வெச்சு ஆடற கேம் பெட்டி எல்லாம் வெளிநாட்டுல இருந்துதான் வருது. நாமளே ஒண்ணு பண்ணலாம். பழைய கேம் மாதிரி சிம்பிளா, சின்னதா. நான் சர்க்யூட் பாத்துக்கறேன். நீ ஆடறவன் கையைப் பாத்தவன். உன்னை மாதிரி பாத்தவன் எவன் இருக்கான், சொல்லு?"

"பேஜார் புடிச்ச வேலைடா" என்றேன். ஆனால் மறுநாளே கடையை மூடிவிட்டு அவனோடு போனேன்.

கீழ்க்கட்டளையில் தண்ணீர் கேன் போடுகிறவர் கடைக்கு மேல் ஒரு அறை. நாள் முழுக்கக் கீழே கேன் இறக்குகிற சத்தம், தொம் தொம் என்று. மேலே ஈயம் உருகுகிற புகை. மத்தியானம் பாஸ்கரின் மனைவி கொடுத்தனுப்புகிற எலுமிச்சம் சாதத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்போம். அந்தப் புகையும் எலுமிச்சையும் கலந்த வாசனை இப்போதும் திடீரென்று எங்கிருந்தாவது வரும். அது எதன் வாசனை என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு எனக்கு ஆள் இல்லை.

பெட்டிக்குப் 'பம்பரம்' என்று பேர் வைத்தோம். உள்ளே இருக்கிற சமாச்சாரம் அவனுடையது. வெளி உருவம் என் வேலை. அதை எப்படிச் செய்தோம் என்பதுதான் இங்கே விஷயம்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மறுநாள். தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில், பொம்மை செய்து விற்றவர்கள் மிச்சக் களிமண்ணைக் குவித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தோம். பாஸ்கர் அதைப் பிசைந்து ஒரு செங்கல் மாதிரி தட்டி என் கையில் கொடுத்தான்.

"கண்ணை மூடு மச்சான். மனசுக்குள்ள கேம் ஆடு. விரல் எங்க போகுதோ அங்க போகட்டும்."

"நீ புட்ச்சிக் காட்டேன்."

"என் கைதான் வேர்க்குமே. நான் தொட்டா சேறாயிடும். நீயே புடி."

உண்மைதான். பாஸ்கருக்கு உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். கை குலுக்கினால் துடைத்துக்கொள்ளத் தோன்றும். அதனால் நான் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கீழே கேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, களிமண்ணில் கேம் ஆடினேன். கண்ணைத் திறந்தபோது இடது பக்கம் ஒரு குழி விழுந்திருந்தது. சாய்ந்த குழி. குழிக்குள் நகம் அழுந்திய இடத்தில் அதன் பிளவின் கோடு.

"சூப்பர்! இங்கதான் பிளஸ் பட்டன். இதே சாய்வுல" என்று துள்ளினான்.

மற்ற பெட்டிகளில் அந்தப் பட்டன் நேராக இருக்கும். எங்களுடையது ஒரு அரிசி அளவு இறங்கி, உள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. என் கைக்குச் சுகமாக இருந்தது. எனக்குச் சுகமாக இருந்தால் எல்லாருக்கும் சுகம் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மூன்றாவதாக ஒரு கையை வைத்துப் பார்த்திருக்கலாம். கீழே கேன் போடுகிறவரைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில், "இன்னா சார், கோணலா கீது" என்று சொல்லியிருப்பார். கூப்பிடவில்லை. ஏன் தெரியுமா? பயம். வெளியே தெரிந்தால் எவனாவது ஐடியாவைத் திருடிவிடுவான் என்று பாஸ்கருக்குப் பயம், எனக்கும் பயம். அறைக்கு வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று களிமண்ணைத் துணி போட்டு மூடி வைத்தோம். பாஸ்கரின் மனைவி ஒருநாள் வந்தபோதுகூட மூடினோம்.

ஒரு கோணல் விரலை யாரும் திருடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

பெரிசு பெரிசாக

பம்பரம் வெளியே வந்தது. ஏதோ கொஞ்சம் விற்றது. வாங்கினவர்கள் பட்டனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், எங்கள் முகத்துக்காக வாங்கினவர்கள்.

அதற்குள் வரிசையாக வந்துவிட்டார்கள். சீனாவிலிருந்து வந்த பெட்டியில் டில்லிக்காரர் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி. பிறகு பள்ளிக்கரணைக்காரர்கள். அவர்களுக்கு எங்கிருந்தோ முதலீடு வந்திருந்தது. மாதத்துக்கு ஒரு மாடல் விட்டார்கள்.

காலையில் மாடிப்படியிலேயே பாஸ்கரின் குரல் கேட்கும். "மச்சான், அவங்க ஸ்கிரீனைப் பெருசாக்கிட்டாங்க!" நாங்களும் பெரிசாக்குவோம். பேட்டரி சீக்கிரம் தீரும். பேட்டரியைப் பெரிசாக்குவோம். பெட்டி கனக்கும். அதற்குள் எதிராளி பெட்டியை மெலிதாக்கிவிட்டிருப்பான். ஒருவன் ஊதா நிறம் விட்டால் ஒரே வாரத்தில் எல்லாரும் ஊதா. எவனுக்கும் ஆடுகிறவன் என்ன கேட்கிறான் என்று தெரியாது. பக்கத்துக் கம்பெனிக்காரன் என்ன செய்கிறான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மேற்குத் தாம்பரத்தில் சோடா கொடுத்த அதே கதை. அப்போது தெருவுக்குள் நடந்தது, இப்போது ஊர் ஊராக நடக்கிறது.

எங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. இரண்டு பம்பரத்தை ஒயரால் இணைத்து இரண்டு பேர் ஆடலாம். பாஸ்கர் அதற்கென்று ஒரு படகு விளையாட்டு எழுதினான். சதுப்பு நிலம், நாணல், நடுநடுவே கொக்கு. ஒருவர் இடது துடுப்பு, மற்றவர் வலது துடுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து போட்டால்தான் படகு நேராகப் போகும். ஒருவர் மட்டும் போட்டால் வட்டமடிக்கும். சாப்பிட்டதும் தினம் ஒரு ஆட்டம் ஆடுவோம்.

"டேய், கொக்கு மேல ஏத்தாதடா!"

"நீ இடது பக்கம் தூங்கினா நான் என்ன பண்றது மச்சான்?"

வாழ்க்கையில் நான் அதிகமாகச் சிரித்தது அந்த ஆட்டத்தில்தான்.

துணி சுற்றின களிமண்

ஒருநாள் மத்தியானம் பாஸ்கர் சாப்பாடு கொண்டுவரவில்லை. வந்தவன் உட்காரவும் இல்லை.

"பள்ளிக்கரணைல கூப்பிடறாங்க மச்சான். டிசைன் ஹெட். பொண்ணு காலேஜ் போகப்போறா. இதை வெச்சு இனிமே ஓட்ட முடியாது."

"என்னையும் கூப்டாங்களா?"

அவன் கதவைப் பார்த்தான். "அவங்க டிகிரி கேக்கறாங்க."

"போடா" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே போகச் சொன்னேன். குடும்பஸ்தன், போகத்தான் வேண்டும்.

வாசல் வரை போனவன் திரும்பினான். "அந்தக் களிமண்ணை எடுத்துக்கட்டுமா? ஒரு ஞாபகத்துக்கு."

அவ்வளவு வருஷத்தில் அவன் என்னிடம் ஞாபகத்துக்கு என்று கேட்டது அது ஒன்றுதான். காய்ந்து கல்லாகிப் போயிருந்த மண்ணை நானே துணியில் சுற்றி, உடையாமல் இருக்க ஒரு சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். அவனுடைய ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் அறையைக் காலி செய்தேன். கேன் கடைக்காரர் மட்டும், "அந்த ஒயரமா இருப்பாரே சார், அவரு வரலியா?" என்று கேட்டார்.

கண்ணாடிப் பெட்டி

பொங்கலுக்கு முன்னால் அன்று சாயங்காலம் கடையில் புயலைப் பிடித்துவிட்டு வந்தேன் அல்லவா. வீட்டில் உட்கார்ந்து, அதுவரை பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த பாஸ்கரின் பேட்டியைப் போனில் பார்த்தேன். முதலில் அந்தப் பேரைக் கேட்டே சிரித்திருந்தேன். சென்னையில் இருந்துகொண்டு எவனாவது தன் பொருளுக்குப் புயல் என்று பேர் வைப்பானா? நம் ஊரில் புயல் என்றால் பாலும் மெழுகுவத்தியும் வாங்க ஓடுவோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

பேட்டி எடுத்த பெண் கேட்டாள், "இந்த ஆங்கிள்ட் பட்டன் ஐடியா எப்படி சார் வந்துச்சு? எல்லாரும் இதைத்தான் பேசறாங்க."

பாஸ்கர் கோட்டைச் சரிசெய்துகொண்டான். "நாங்க நூத்துக்கணக்கான கைகளை ஸ்டடி பண்ணினோம். மனுஷக் கை இயல்பா எப்படி ரெஸ்ட் ஆகுதுன்னு பாத்து, அதுலேர்ந்து டிசைன் பண்ணினோம். அதோ, அதுதான் எங்க ஃபர்ஸ்ட் மாடல்."

கேமரா திரும்பியது. அவன் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கு போட்டு, என் களிமண். சாய்ந்த குழி. குழிக்குள் அந்தக் கோடு.

நூற்றுக்கணக்கான கைகளாம். அத்தனை பேருக்கும் நகம் ஒரே இடத்தில் பிளந்திருந்ததா?

அவன் நம்பருக்குப் போட்டேன். எடுத்தான்.

"அந்தோணி! எப்படி இருக்க?" மச்சான் போய்விட்டது.

"அது எவன் வெரலுடா?"

பின்னால் யாரோ காபி வேண்டுமா என்று அவனைக் கேட்டார்கள்.

"இதைப் பெருசு பண்ணாத. கம்பெனி மேட்டர். நான் தனியா ஒண்ணும் சொல்ல முடியாது, லீகல் டீம் இருக்கு."

"லீகலு கெடக்கட்டும். நீ சொல்லு. அது கோண வெரலு. ஷட்டர் வுயுந்த வெரலு. ஒனக்குத் தெரியும். ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் கை வலிக்குதாமே?"

"சில பேருக்கு பழக டைம் ஆகும்."

"பாஸ்கர், படகு கேம எங்க? புயலோட கேம் லிஸ்ட்ட போன்ல தேடுனேன், காணோம்."

"ரெண்டு பேர் ஆடற கேமை இப்ப யாரு ஆடறா? எல்லாரும் தனியாத்தான் ஆடறாங்க. டேட்டா இருக்கு." பிறகு, "மீட்டிங் போகணும்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை.

மறுபடி அதே கடை

கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாள் பெருங்களத்தூர் கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"வா சார், வெரல் சார்!" என்றாள். "இந்தாங்க, புச்சா மூணு கம்பெனி பீஸு வந்துக்கீது. புடிச்சிப் பாருங்க."

ஒவ்வொன்றாக எடுத்தேன். டில்லிக்காரருடையது. பெங்களூருடையது. பேரே வாயில் நுழையாத ஒன்று. மூன்றிலும் பிளஸ் பட்டன் அரிசி அளவு இறங்கி உள்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றிலும் என் விரல் போய் உட்கார்ந்தது.

"எல்லாரும் ஏம்மா இப்படிப் பண்றாங்க?"

"புயலு ஓடுதுல்ல சார். அது இன்னா வெச்சாலும் மத்தவங்களும் வெப்பாங்க." தன் கட்டைவிரலின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "நேரா இருக்கிற பீஸு இப்ப எங்கியும் கெடைக்கல."

யோசித்துப் பாருங்கள். எதிர்க்கடை முந்திவிடும் என்று பயந்து நசுக்கிக்கொண்ட விரல். எவனாவது திருடிவிடுவான் என்று பயந்து யாரிடமும் காட்டாத அச்சு. பின்தங்கிவிடுவோம் என்று பயந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட கோணல். முகம் தெரியாத எத்தனையோ பேர் என் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு வலிக்கிறது. ஏன் வலிக்கிறது என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் கண்ணாடி ஆபீஸில் இருக்கிறான். இன்னொருவன் நான்.

என்னிடம் இரண்டு பம்பரம் மிச்சம் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு ஒயரைச் செருகி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். நாணல் வரும், கொக்கு வரும். இடது துடுப்பு என்னுடையது. போடுவேன். படகு வட்டமடிக்கும். கொக்கு பறந்து போய் அதே இடத்தில் வந்து உட்காரும். இன்னொரு பெட்டியை வலது கையில் எடுத்து நானே இரண்டு பக்கமும் போடலாம். ஒருநாள் செய்தும் பார்த்தேன். படகு நேராகப் போனது. திட்டுவதற்கு ஆள் இல்லை. அணைத்துவிட்டேன்.

கேட்கிறேன்

பாஸ்கர், இந்தப் பத்திரிகை உன் வீட்டுக்கு வரும். உன் மனைவி வாரா வாரம் படிப்பார்கள், எனக்குத் தெரியும். அதனால் இங்கே கேட்கிறேன்.

எனக்குப் பங்கு வேண்டாம். கோட்டு வேண்டாம். மேடையில் நாற்காலி வேண்டாம். அது நல்ல பட்டன், நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. அது தப்பான பட்டன். அந்தத் தப்பு கீழ்க்கட்டளை மாடியில் நாம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. அதை நீ மனுஷக் கையின் இயல்பு என்று விற்கிறாய். என் விரலை மறைத்தால் தப்பும் மறைந்துவிடும் என்று நினைக்கிறாய். மறையவில்லை. பெருங்களத்தூரில் கடையில் நிற்கிற ஒரு பெண் அதைக் கையில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாடலை வெளியிட எப்படியும் மேடை போடுவாய். அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியையும் கொண்டு வா. எல்லார் முன்னாலும் திற. நான் முன்வரிசையில் இருப்பேன். ஏறி வந்து என் இடது கட்டைவிரலை அந்தக் குழியில் வைக்கிறேன். பொருந்தவில்லை என்றால் இதே பக்கத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், தொடரையும் நிறுத்திக்கொள்கிறேன்.

பொருந்தினால் நீ மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். வக்கீல் சொல்லக் கூடாது, கம்பெனி சொல்லக் கூடாது. போனில் எனக்கு மட்டும் சொல்வதும் கூடாது. உன் வாயால், கை வலிக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

அது யாருடைய விரல், பாஸ்கர்?